மந்திரித்த வண்டி

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அந்த வெள்ளை வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டார். வாங்குவதற்கு முன்பே. வாங்கப்போகிற லூர்து அப்படித்தான். விற்கிற பிராங்கிளின், கோயில் பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடுகிறவன். அவன் வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவர் மனைவி ரோஸ்மேரி, திங்கட்கிழமை காலையில் பிராங்கிளின் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அதன் தாள்களை எடுத்துவைத்துப் பார்க்க உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கார் ஆசை கிடையாது. மகள் ஜெனிக்கு இன்னும் பதினைந்து நாளில் பிரசவம். வீடு எண்ணூரில், ஆசுபத்திரி ராயபுரத்தில். போன தடவை வலி கண்டு ஜெனியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஆட்டோ, டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுபோனது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. குழந்தை தங்கவில்லை. அன்றிலிருந்து தெருவில் எந்த இன்ஜின் இருமினாலும் ரோஸ்மேரி கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

ஆர்சி புத்தகம் சரியாக இருந்தது. ஒரே ஓனர். இன்சூரன்ஸ் தாளில்தான் விரல் நின்றது. இழப்பீடு கேட்காதவர்களுக்குக் கிடைக்கிற நோ கிளைம் போனஸ், வருடா வருடம் ஏறிவந்து 2024இல் பூஜ்யமாகியிருந்தது.

"பிராங்கிளின், கிளைம் பண்ணியிருக்கியே?"

"பம்பர்ல ஒரு கீறல்க்கா. இன்னாக்கா நீ, போலீஸ்காரி மாதிரி கேட்டுகினு கீற."

லூர்து சிரித்தார். "பருப்பு வாங்குனாலும் நாலு தடவை மோந்து பாப்பா. வுடு நைனா."

ரோஸ்மேரி பின்சீட்டில், ஜெனி உட்காரப்போகும் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். சீட் உறை புதுசு, மிதியடி புதுசு. சீட் பெல்ட்டை இழுத்தாள். தோளுக்கு வேண்டிய அளவு சுத்தமாக வந்தது. விடாமல் கடைசிவரை இழுத்தாள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் கறுப்பாக ஒரு கோடு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூருக்குள் புகுந்த தண்ணீர், அவள் வீட்டுச் சுவரிலும் இதே கோட்டைப் போட்டிருந்தது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் மேலே வந்துகொண்டே இருக்கிறது.

தெரிந்துகொண்டதில் நிம்மதி இல்லை, இன்னொரு பயம்தான் வந்தது. மந்திரித்த வண்டியை வேண்டாம் என்று சொல்லி, பிறகு ஜெனிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் சொல்வதற்கு முன்னால் அவள் மனசே அவளைக் குற்றம் சொல்லும். பேசாமல் பெல்ட்டை விட்டுவிடலாம். அது தானாக உள்ளே போய்விடும். யாருக்கும் தெரியாது.

"தண்ணி உள்ள போன வண்டி இது," என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

"ஃபாதர் மந்திரிச்ச வண்டி, ரோசு," என்றார் லூர்து தணிந்த குரலில். "அபசகுனமா பேசாத."

"அவர் தெளிச்சது வெளியதாங்க பட்டுது."

பிராங்கிளின் பெல்ட்டைப் பார்த்தான். "ஓடிகினுதான்க்கா கீது. இதுவரிக்கும் நின்னதில்ல."

"நின்னா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெனி, "வேற வண்டி தேட ஏதும்மா நாளு?" என்றாள்.

"தேட வேணாம். வலியோட அந்த ரோட்டுல போகவே வேணாம். ஆசுபத்திரி பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கிடுவோம். இன்னிக்கே ரயில்ல போயிடலாம்."

மதிய ரயிலில் கூட்டமில்லை. திருவொற்றியூர் தாண்டி சிக்னலுக்காக ரயில் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ரோஸ்மேரி மகளைப் பார்த்தாள்.

"வலி ஏதும் இல்லையே?"

"இல்லம்மா," என்றாள் ஜெனி. "நீதான் என் கைய நெரிக்கிற."