கயல் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை ஒரு கிலோ சங்கரா மீனோடு எனக்கு இலவசமாக வந்தது. சனிக்கிழமை காலை, ஊரூர் குப்பத்தில் மீனைக் கழுவிக்கொண்டே ரத்னா ஆரம்பித்தாள்: "எம் பொண்ணு கயலு ஏரோப்ளேன்ல வேல செய்யுது இல்ல? அது பண்ணிக்கினு வந்த கூத்தக் கேளு சார். கதையா எழுதிக்கோ."

(மீனவர் வீட்டுப் பெண்ணுக்குக் கயல்தானா, வேறு பெயர் தோன்றவில்லையா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். வைத்தது ரத்னா.)

2

முதல் தொடக்கம்: ‘முப்பதாயிரம் அடி உயரத்தில், மேகங்களுக்கு நடுவே ஒரு தேவதை தேநீர்த் தட்டை ஏந்தி…’

அடித்துவிட்டேன். கயல் படித்தால் அந்தத் தேநீரை என் தலையில் ஊற்றுவாள்.

நேராகவே சொல்கிறேன். விமானப் பணியாளர்களுக்கு மாத அட்டவணை மேலிடத்திலிருந்து வரும். வந்தபடி பறக்க வேண்டும். இப்போதுதான் கம்பெனி முதல்முறையாக, எந்த நாள் விடுப்பு வேண்டும், எந்த ஊருக்குப் பறக்க ஆசை என்று கேட்டது. கயலுக்கு வேண்டியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அவள் அப்பா பாலுவின் புதுப் படகு கடலில் இறங்குகிறது. அவள் சம்பளத்தில் வாங்கிய படகு. தேங்காய் உடைக்க வேண்டியவளும் அவள்தான்.

3

இனி வருவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

இத்தனை வருடமும் பொங்கலுக்கு விடுப்புக் கேட்டால் புவனேஸ்வர் அனுப்பினார்கள். தீபாவளிக்குக் கேட்டால் டெல்லி. அதனால் கூடப் பறக்கும் மஹ்விஷ் யோசனை சொன்னாள்: "லூசு, வேணுங்கறத என்னிக்குடி குடுத்துருக்காங்க? வேணாங்கறதக் கேளு. தன்னால வீட்ல உக்கார வெப்பாங்க."

கயல் ஞாயிறு காலை அந்தமான் விமானத்தைக் கேட்டாள். முதல் விருப்பம் என்று குறித்து.

கம்பெனி கொடுத்தேவிட்டது. வாழ்த்துச் செய்தியோடு!

"அப்பனாண்ட சொல்லாம அழுதுக்கினு கீது சார்" என்றாள் ரத்னா. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

4

வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. வெட்கப்பட்டுப்போன மஹ்விஷ் அந்த விமானத்தில் தான் போவதாகச் சொல்லி…

(கேட்டு வாங்கியதை யாரோடும் மாற்றிக்கொள்ளக் கூடாதாம். போச்சு.)

ஆ. விமானம் அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டுகிறது. கீழே புதுப் படகு. கயல் சன்னலில் முகம் பதித்து…

இன்று, ஞாயிறு காலை, இதை ரத்னாவிடம் படித்துக் காட்டினேன். "ப்ளேனு மேல ஏறச்சொல்லோ பெல்ட்டப் போட்டுக்கினு ஜனங்களப் பாத்துக்கினு குந்தினு இருக்கும் சார். எங்கேந்து படகப் பாக்கும்?"

நல்ல முடிவு ஒன்று அநியாயமாகப் போனது.

5

நடந்தது வேறு. நேற்று சாயங்காலம் கயல் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாலு விழுந்து விழுந்து சிரித்தாராம். "இன்னாம்மா நீ! கம்பெனிக்காரன் கேட்டான், சொன்ன. மஹ்விஷாண்ட யோசன கேட்ட. நாள் வெச்சது நானு. எங்கையில ஒரு வார்த்த கேட்டியா? திங்கக்கெழம உனக்கு லீவுதான? அதுக்குள்ள கடலு எங்கனா ஓடிப்பூடுமா?"

அவர் தேதியை மாற்றுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் கிடைக்காது என்று பழகிவிட்டவள்.

ரத்னா இதைச் சொல்லும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. "எம் பொண்ணு" என்று மீன் வெட்டும் கத்தியோடு கையை ஆட்டினாள். அது கயலின் விமானமா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

6

நாளைக் காலை படகு இறங்குகிறது. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. தேங்காய் சரிபாதியாக உடைய வேண்டுமா, முதல் அலையில் கயல் நனைய வேண்டுமா, மஹ்விஷையும் படகில் ஏற்றலாமா? உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்.

தயவுசெய்து, வேண்டியதையே கேளுங்கள். கொடுத்துவிடுவார்கள்.