ஸ்லைடு திறக்காத ஞாயிறு

ஷார்ஜாவின் சஜா லேபர் கேம்ப் வாசலில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். வாரத்தில் அவர்களுக்கு லீவு அந்த ஒரு நாள்தான். கண் பரிசோதனைக்காக ஒரு தொண்டு அமைப்பு அனுப்பும் டிரெய்லர் வண்டி எட்டு மணிக்கு வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் ஸ்லைடு என்று ஓர் அறை உண்டு. வண்டி ஓடும்போது உள்ளே அடங்கியிருக்கும். நிறுத்திவிட்டுப் பட்டனை அமுக்கினால் மோட்டார் அதை வெளியே தள்ளும். கண் பார்க்கும் மிஷின் எல்லாம் அந்த அறையில்தான் இருந்தது.

டிரைவர் ராஜிக் பட்டனை அமுக்கினார். அறை ஒரு சாண் நகர்ந்து நின்றது. மறுபடி அமுக்கினார். உள்ளே டக் டக் என்ற சத்தம் மட்டும் வந்தது.

கார்மேகம் மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினான். பரமக்குடிக்காரன். ஷார்ஜாவில் இந்த வண்டிகளைப் பராமரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருட எலக்ட்ரீஷியன். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. பேட்டரி சரியாக இருந்தது, ஃபியூஸும் போகவில்லை. மீட்டரின் ஒரு முனையை மோட்டாருக்குப் போகும் சிவப்பு வயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, பட்டனை அமுக்கச் சொல்லிப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட் முழுசாக வந்தது.

"கரண்ட் வருது, மோட்டார் சுத்தல. மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றான்.

ராஜிக் அதிராம்பட்டினத்துக்காரர், ஐம்பது வயது. பல வருடம் லாரி ஓட்டியவர். "எர்த் வயரையும் ஒரு தடவ பாத்துருங்களேன் தம்பி. லாரியில எனக்கு இப்படி ஆயிருக்கு" என்றார்.

"நீங்க வண்டிய ஓட்டுங்க பாய். வயரு என் வேல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜிக் உள்ளே போய், ஸ்லைடைக் கையால் சுற்றும் கைப்பிடியை எடுத்து வந்தார். "சரி, சுத்தி வெளிய எடுத்துருவோம். பத்து நிமிஷ வேல. ஜனங்க நிக்கிறாங்க."

"பாதியில ரூம் நழுவி எவன் மேலயாவது விழுந்தா யாரு பொறுப்பு? உள்ள தள்ளி மூடுங்க. கண் கேம்ப் கேன்சல்."

அப்படி நழுவாது என்று கார்மேகத்துக்குத் தெரியும். ஆனால் சொன்ன பிறகு டிரைவர் பேச்சைக் கேட்டு இறங்கிவர மனசு வரவில்லை.

ஒர்க்‌ஷாப் மேனேஜர் போனில் கேட்டார்: "ரெண்டு மாசம் முன்னாடிதானே சர்வீஸ் பண்ணே? எப்படி எரியும்?"

அந்த சர்வீஸின் ஜாப் கார்டில் இருந்தது அவன் கையெழுத்து. ஒரு நொடி யோசித்தான். "டிரைவர் பட்டன விடாம அமுக்கிட்டே இருந்திருக்கார் சார்" என்றான். அதை அவன் பார்த்ததில்லை. நாலடி தள்ளி நின்ற ராஜிக் நிமிர்ந்து பார்த்தார்.

வரிசை கலைந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் போகாமல் அவனிடம் வந்தார். பெயர் முத்துராமன், கம்பி கட்டுகிற வேலை. "சார், இடது கண்ணுல ஓரமா திரை போட்ட மாதிரி மறைக்குது. டாக்டரம்மாவ ஒரு நிமிஷம் பாக்கட்டுமா?"

டாக்டரம்மா என்று அவர்கள் அழைக்கும், கண் பரிசோதிக்கும் உமாராணி உள்ளே கருவிகளைக் கட்டிவைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள்.

"மிஷின் இல்லாம அவங்க என்ன பாப்பாங்க? அடுத்த தடவ வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டான்.

அந்த வாரமே ராஜிக்கை வண்டியிலிருந்து எடுத்து, தண்ணீர் டேங்கர் ஓட்ட வேறொரு சைட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறு கேம்ப் நடக்கவில்லை. பத்தாம் நாள் புது மோட்டார் வந்தது. மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது கார்மேகம் அதை மாட்டிப் பட்டனை அமுக்கினான்.

டக் டக்.

பழைய மோட்டாரை எடுத்து நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான். அது அவன் கையை உதறிக்கொண்டு சுற்றியது. எரிந்துபோனதாக அவன் சொன்ன மோட்டார்.

வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்து போனான். மோட்டாரின் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கீழே பளபளவென்று கறுப்பு பெயின்ட். சர்வீஸின்போது அங்கே வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியது அவன்தான். போல்ட்டின் மரை தொட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு மாதம் ஓடியது; அது துருப்பிடித்ததும் லைட் எரிகிற அளவுக்குத்தான் தொடர்பு மிஞ்சியது. மோட்டார் இழுக்கும் கரண்ட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. மீட்டரை நேராகப் பேட்டரியில் வைத்ததால் அன்று அது தெரியவில்லை. ராஜிக் சொன்னபடி அன்றைக்கு எர்த்தைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்ததும் மறுபடி முடுக்கினான். ஸ்லைடு தயங்காமல் வெளியே வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த மேனேஜர் அவன் தோளில் தட்டி, "புது மோட்டார் நல்லா இழுக்குதே!" என்றார். "ஆமா சார்" என்றான் கார்மேகம். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அவன் திருத்திச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு கேம்ப் நடந்தது. முத்துராமனும் வந்தார். உமாராணி அவரை உள்ளே வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

"என்னாச்சு மேடம்?" என்று கேட்டான் கார்மேகம்.

"விழித்திரை பிரிஞ்சிருக்குண்ணா. ரெண்டு வாரம் முன்னாடியே வந்தாராம். யாரோ அப்புறம் வரச் சொல்லிட்டாங்களாம். அன்னைக்கே என் கண்ணுல பட்டிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேன். இப்ப எவ்வளவு பார்வை மிஞ்சும்னு தெரியல."

கார்மேகம் அவள் எதிரில் வந்து நின்றான். "அந்த யாரோ நான்தான் மேடம்" என்றான். மோட்டார், பெயின்ட், ராஜிக் மேல் போட்ட பழி எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னான். அவள் அவனைத் திட்டவில்லை. "மேனேஜருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவள் முன்னாலேயே போன் போட்டான். எழுத்தில் வார்னிங் கிடைத்தது. ராஜிக்கைத் திரும்ப அழைப்பதாக மேனேஜர் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் ராஜிக்கின் ரூமுக்குப் போனான். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவன் சொல்லி முடிக்கும்வரை இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு என்மேல பழிய அறுபது பேரு முன்னாடி சொன்னீங்க. இப்ப கதவச் சாத்திட்டு வந்து சொல்றீங்க" என்றார்.

அடுத்த கேம்ப்பில் வரிசைக்கு முன்னால் நின்று கார்மேகம் அதையும் சொன்னான். பாதிப் பேருக்கு அது எதைப் பற்றி என்றே புரியவில்லை. வண்டிக்குத் திரும்பியிருந்த ராஜிக் கேட்டுவிட்டு ஸ்லைடு பட்டனை அமுக்கப் போனார். அதன் பிறகு வேலை விஷயம் தவிர அவனிடம் அவர் பேசவில்லை.

முத்துராமனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் கடைசி. ஆபரேஷன் முடிந்து இடது கண்ணில் கட்டு. வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்மேகம் கட்டில் பக்கத்தில் நின்று, அன்று ஸ்லைடு திறக்காததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

முத்துராமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஷின் ரிப்பேரானதுக்கு நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? ஊரு விட்டு ஊரு வந்த இடத்துல பாக்க வந்தீங்களே, அதுவே பெருசு."

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் பிடித்த கை சுட்டது.

"இல்லண்ணே. மிஷின் ரிப்பேரில்ல. நான் ஒழுங்கா வேல செய்யல. கையால சுத்தியே அன்னைக்குத் தொறந்திருக்கலாம், வீம்புக்கு விடல. டாக்டரம்மாவும் உள்ளதான் இருந்தாங்க. கூப்பிட்டிருந்தா உங்களப் பாத்திருப்பாங்க. நான் கூப்பிடல."

முத்துராமன் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தார். பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, கெளம்புங்க. உங்களுக்கு டூட்டி இருக்கும்" என்றார்.