படித்தவள் வாங்கிய கிளவுஸ்

அம்மாவின் வலது கையிலிருந்து கிளவுஸைப் பிடித்து இழுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைத் தேற்ற வரவேண்டாம்.

அம்மா வெல்டர். மாமாவின் பட்டறையில் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அவள் கையில்தான் ஒட்டும். மாமா அம்மாவின் தம்பி. அளப்பது, வெட்டுவது, ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம் பல்லைக் காட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அம்மா பற்றவைத்துத்தான் நான் வேதியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்தி. அதனால் வீட்டில் எனக்கு ஒரு பதவி உண்டு. மாத்திரை அட்டை, வாடகைப் பத்திரம், புது மிக்ஸியோடு வரும் காகிதம், எல்லாம் என் முன்னால் வந்து நிற்கும். நான் சரி என்றால் சரி.

அம்மாவின் பழைய கிளவுஸ்களைப் பார்த்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். நல்ல தோல்தான். ஆனால் வெல்டிங்கில் வலது கை கிளவுஸ் முதலில் செத்துவிடும். வெல்டிங் குச்சியைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டர் அந்தக் கையில். நெருப்புக்கு அதுதான் பக்கத்துவீடு. இடது கை உறுதியாக இருக்கும்போது ஜோடியையே தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. பட்டறைச் சுவரில் மூன்று இடது கைகள் தொங்கின. அவற்றில் ஒன்றை முன்பின்னாகப் புரட்டி வலது கையில் மாட்டிக்கொள்வாள். அப்படி மாட்டினால் தேய்ந்து மெலிந்த உள்ளங்கைப் பக்கம் புறங்கைக்கு வந்துவிடும். பொறி விழுவதே புறங்கையில்தான். அவள் புறங்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தழும்பு.

"மூணு இடது கையை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறே? பத்துக் கை சாமி மாதிரி நிக்கப் போறியா?"

"நின்னா நல்லாத்தான் இருக்கும் பாப்பா. ரெண்டு கை பத்த மாட்டேங்குது."

மாமா கம்பிகளுக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார். "காலேஜு வந்தாச்சு. எல்லாரும் சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்குங்கப்பா."

அந்தக் கிண்டலுக்குக் காரணம் உண்டு. வெல்டிங் வெளிச்சம் வெயிலைப்போலத் தோலைச் சுடும். பட்டறை நிழலிலேயே கிடக்கிற அம்மாவின் கழுத்துக் குழி, வெயிலில் வெந்ததுபோல் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. கழுத்துப் பட்டனைப் போடு, சட்டைக் கையை மடிக்காதே, பாலியஸ்டர் சேலையோடு நெருப்பின் முன்னால் உட்காராதே, பருத்தியில் சட்டை போடு என்று ஒரு மாதமாக நான் அவர்கள் உயிரை வாங்கியிருந்தேன். அதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அதுதான் வினை. நாலு விஷயம் சரியாகச் சொன்னவள் ஐந்தாவதையும் சரியாகச் சொல்வாள் என்று நினைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது, கிளவுஸ். நூல் போட்டு அம்மாவின் கையை அளந்துகொண்டு மூன்று நாள் போனில் தேடினேன். மஞ்சள் நிறம், முழங்கை வரை நீளம், சூடு தாங்கும் என்று படத்தின் மேலேயே கொட்டை எழுத்து. வந்ததும் அம்மா மாட்டிப் பார்த்தாள். மடக்கினாள், விரித்தாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"தோல் வாசனை வரலையே."

"இது புது மாடல்ம்மா. நான் எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

"நீ படிச்சிருந்தா சரி."

நான் படித்தது பாதி. அந்தப் பக்கத்தின் அடியில், செயற்கைத் தோல், நைலான் தையல், தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் ஏற்றது என்று பொடி எழுத்தில் இருந்தது. அதை நான் படித்தது ஆஸ்பத்திரி வராந்தாவில்.

கிளவுஸ் வந்த ஒன்பதாவது நாள் எனக்கு லீவு. மத்தியானம் பட்டறைக்குப் போனேன். அம்மா கறுப்புக் கண்ணாடி வைத்த மாஸ்க்கைப் போட்டுத் தரையில் உட்கார்ந்து, மாடிப்படிக் கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலிருந்து உருகிய கசடு ஒரு சொட்டு, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் விழுந்தது. தோலாக இருந்தால் உருண்டு கீழே போயிருக்கும். இது போகவில்லை. உட்கார்ந்தது. மஞ்சள் கறுத்தது. சொட்டு இருந்த இடம் பள்ளமாகி, பள்ளம் பளபளவென்று அகலமானது. ஆரம்பித்த கோட்டை முடிக்காமல் அம்மா எதற்கும் நிறுத்தமாட்டாள். அதையும் முடித்தாள். பிறகுதான் ஹோல்டர் கீழே விழுந்தது. அவள் கத்தவில்லை. "ம்" என்று ஒரு சத்தம், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

நான் பாய்ந்து போய்க் கிளவுஸின் விரல்களைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதே. தண்ணி, தண்ணி ஊத்து, இழுக்காதே" என்று மாமா ஓடிவந்தார்.

அதற்குள் வந்துவிட்டது. தனியாக வரவில்லை.

அதற்கப்புறம் எனக்கு எதுவும் ஒழுங்காக நினைவில் இல்லை. மாமா அம்மாவைக் குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிடம் கையில் தண்ணீர் விட்டாராம். அத்தனை நேரமும் நான் கிளவுஸின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். பிடுங்கிப் போடுவதற்கு மாமா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வந்த நர்ஸ் கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒட்டியிருந்ததைப் பிச்சு எடுத்தது யாரு?"

"நான்தாம்மா. அவசரத்துல" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

நான் வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். போனில் நான் படித்த பொடி எழுத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா முதல் நாளே கொளுத்திப் பாத்துட்டா."

"எதை?"

"கிளவுஸைத்தான். பட்டறைக்குப் புதுசா எந்த கிளவுஸ் வந்தாலும் ஓரத்துல துளி வெட்டித் தீக்குச்சியில காட்டுவோம். தோல்னா கருகும், முடி பொசுங்கின நாத்தம் வரும். இது சொட்டுச் சொட்டா உருகித் தரையில ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம்."

"பாத்துட்டுமா மாட்டிக்கிட்டாங்க?"

"அக்கா, இது பிளாஸ்டிக்குன்னு சொன்னேன். அதுக்கு அவ, கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுக்குத் தெரியாதது நம்ம தீக்குச்சிக்கா தெரியும், இப்ப வர்ற தோல் இப்படித்தான் இருக்கும்போல, நாமதான் சரியாப் பாக்கத் தெரியாம பாத்துட்டோம்னு சொல்லிட்டா."

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"உங்கிட்டயா?" மாமா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அன்னைக்கு கிரைண்டர் வயரைப் பத்தி ஒண்ணு சொன்னேன். 'மாமா, உங்களுக்குத் தெரியாது'ன்னே. சரியாத்தான் சொன்னே, என் பேர்லதான் தப்பு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்கிட்டேன்."

அவர் என்னை அறைந்திருக்கலாம். பிளாஸ்டிக் உருகும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அது உருகுவதைத் தரையில் குனிந்து பார்த்தவள் அவள். பார்த்தவள், எழுதியவளை நம்பித் தன் கையை உள்ளே விட்டாள். ஒன்பது நாள். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. உங்கள் கண் அவிந்தா போயிற்று என்று கேட்க நினைத்தேன். அவிந்துபோகவில்லை. நான்தான் வருடக்கணக்கில் அந்தக் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்ட வேண்டும் என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இடது கையால் என்னிடம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லு பாப்பா. நீ சரின்னா போட்டுடறேன்."

நான் காகிதத்தைப் பார்த்தேன். நாலு பக்கம். கடைசி வரி வரை படித்தேன்.

"எனக்குத் தெரியலைம்மா."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் அம்மா என்னைப் பார்த்தாள். "ஏன் பாப்பா இப்படிச் சொல்றே?"

"தெரியலை. நிஜமாவே தெரியலை. அந்தக் கையால என்ன ஆகணும்னு உனக்குத்தான் தெரியும். நீயே கேளு."

அந்தக் கை இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. மாமாவுக்குப் பட்டறை இல்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாமா தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்தார்.

"கட்டை விரல் மடங்குமா டாக்டரம்மா?"

"மடங்கும். பயிற்சி சொல்லித் தருவோம். ஆறு ஏழு மாசத்துல நீங்க பிடிக்கிற ஹோல்டரையே பிடிக்கலாம்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் பேனாவை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"ஒட்டுற தோலுக்குச் சூடு தெரியுமா?"

"ரொம்ப நாளைக்குத் தெரியாது. முழுசாத் திரும்பி வராமலும் போகலாம். சுடுதுன்னு கை சொல்லாது. நீங்கதான் கையைக் கண்ணால பாத்துக்கிட்டே வேலை செய்யணும்."

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மாஸ்க்கைப் போட்டா நெருப்பு மட்டும்தான் தெரியும் டாக்டரம்மா. கை தெரியாதே."

டாக்டர் நீட்டிய பேனா அப்படியே நின்றது. மாமா என் முகத்தைப் பார்த்தார், பழக்க தோஷம். அம்மா பார்க்கவில்லை. அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.