பெயரோடு கொடுத்த வீடு

1

இந்தக் கதை எனக்கு ஆக்லாந்தின் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கிடைத்தது. யோகராணி அக்கா கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். பெயர்களை மாற்றித்தான் எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கதையே பெயரைப் பற்றியது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

2

1986. வெளியே மழை பெய்து— (ஆக்லாந்தில் இது ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.)

உஷாவின் கண்கள் கலங்— (இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே!)

சரி. அக்காவின் கணவர் ஆனந்தராசாவின் முன்னறை. ஒரே மகள் உஷா, தான் விரும்பும் சுவீடன்காரன் லார்ஸ் ஸ்வேர்டை அழைத்து வந்திருக்கிறாள். அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம் என்பது அவள் முடிவு. (பேச்சு நடந்தது ஆங்கிலத்தில். அக்கா தமிழில் சொன்னதால் இங்கே சுவீடன்காரனும் யாழ்ப்பாணத்துக்காரனாகவே கதைப்பான்.)

"தம்பி, ஸ்வேர்ட் எண்டால் என்ன?"

"வாள், அங்கிள்."

ஆனந்தராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப வீரப் பரம்பரை!"

[லார்ஸ் இங்கே வாயை மூடியிருந்தால் கதை இனிதே முடிந்திருக்கும். மூடவைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.]

"பரம்பரை இல்லை அங்கிள். பாட்டன்ர பாட்டன் வெறும் ஆண்டர்சன். ஆண்டர்ஸின்ர மகன் எண்டு அர்த்தம். பட்டாளத்தில ஆண்டர்சன் எண்டு கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்புவினம். அதால கப்டன் ஆளுக்கொரு பேர் வைச்சார். இருக்க ஒரு குட்டி வீடும் குடுத்தினம். அவருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வாற பட்டாளக்காரனுக்கும் அதே பேர்தான்."

"சொந்தமில்லாதவனுக்குமோ?"

"ஓம்."

"வீட்டோட பேரும் குடுக்கிறதோ! இஞ்சாரப்பா, கேட்டனீரே?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார் ஆனந்தராசா.

3

உஷாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்களிட்ட மட்டும் பரம்பரைப் பேர் இருக்கோ அப்பா? உங்கட கடைசிப் பேர் அப்பப்பாவின்ர. என்ர கடைசிப் பேர் உங்கட."

"அதைத்தான் யோசிக்கிறன் பிள்ளை." குரல் இறங்கியது. "நாளைக்கு நீ உஷா லார்ஸ். என்ர பேரைக் கொண்டு திரிய ஆர் இருக்கினம்?"

வீரம், வம்சம் என்று இவ்வளவு நேரம் சுற்றியது இதற்குத்தானா! எழுதுகிற எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

லார்ஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். "அங்கிள், அங்க வீட்டுக்கு வந்தவன் வீட்டுப் பேரை எடுத்தான். நான் இந்த வீட்டுக்குத்தானே வாறன். லார்ஸ் ஆனந்தராசா எண்டு வைக்கட்டோ?"

ஆனந்தராசா பதறி எழுந்துவிட்டார்.

"உமக்கென்ன விசரே? உம்மட அப்பா கேள்விப்பட்டால் அந்த மனுசன் என்ன பாடுபடும்!"

4

பிறகு என்ன நடந்தது என்று அக்கா சொன்னார். நான் சொல்லமாட்டேன்.

சம்மதித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். குடும்பக் கதைக்காரி வேறென்ன எழுதுவாள் என்பீர்கள். மறுத்தார் என்று இன்னொன்று. பேனா முரண்டு பிடித்தது. இரண்டையும் கிழித்தாயிற்று, இனி உங்கள் பாடு. மறுத்தார் என்று எழுத நினைப்பவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: முகம் தெரியாத சம்பந்திக்காக இப்போதே பதறுகிற அந்த மனிதரை முதலில் உட்காரவையுங்கள். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.