நண்பகல் மறுமொழி

கதிரவன் உச்சியேறி, கூரைத் தகடுகளைக் காய்ச்சி, தெருநாய்களைச் சுவரோரத்து ஒற்றைச் சாண் நிழலில் ஒடுக்கி, ஆலைப்புகை எது அடுக்களைப்புகை எது என்று தெரியாதபடி ஊரெங்கும் வெண்மை பூசி நிற்கும் நண்பகற்பொழுதில், நடுவூரில் ஓங்கி நிற்கும் மாதா கோயிலின் மணி மும்முறை மும்முறையாக ஒலிக்கும். அறிவுசான்ற அன்பரே, அவ்வொலிக்கு அவ்வூரில் எவரும் தலைநிமிர்வதில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், நீராவி கக்கும் துணியழுத்தும் பொறியின் முன் நின்ற ஒருத்தியைத் தவிர. உடனுழைப்போர் அவளுக்கு இட்ட பெயர் "ஆமென் அக்கா."

அவள் கணவன் தச்சன். அவன் விடியுமுன் பட்டறைக்குப் புறப்படுவான். அவள் இருட்டிய பின்பே வீடு திரும்பி அடுப்பு மூட்டுவாள். சேர்ந்து முழந்தாளிட நேரமில்லையே என்று அவள் கலங்கியபோது, மணந்த புதிதில் அவனே ஒரு வழி சொன்னான். ஒருவர் முன்னடி சொல்ல மற்றவர் மறுமொழி கூறும் மூவேளைச் செபத்தில், நண்பகல் மணி கேட்டதும், முன்னடியை அவன் பட்டறையில் சொல்வது, மறுமொழியை அவள் சலவைக்கூடத்தில் சொல்வது. அன்றுமுதல் அவள், அவன் ஓரடி சொல்லி முடிக்கும் அளவு வாய்மூடிக் காத்திருந்தே தன் பங்கைச் சொல்லிவந்தாள். மேற்பார்வையாளர் சீறினார், கண்மூடிய நேரத்தில் ஒருமுறை பொறி அவள் மணிக்கட்டைச் சுட்டது. அதற்கெல்லாம் அவள் அசைந்து கொடுக்கவில்லை. இரவு உணவின்போது, "சொன்னீங்களா?" என்பாள். "சொல்லாம இருப்பேனா?" என்பான். அந்த ஒரு சொல்லில் அவள் களைப்பெல்லாம் பறந்துவிடும்.

ஒருநாள் நீர்க்குழாய் உடைந்து, சலவைக்கூடம் முற்பகலிலேயே மூடப்பட்டது. இன்றேனும் முன்னடியைக் காதாரக் கேட்போம் என்று அவள் பட்டறைக்கு விரைந்து, மணி ஒலிக்கும்வரை காட்டிக்கொள்ளாமல் பலகை அடுக்கின் பின்னே நின்றாள். மணி ஒலித்தது. அவன் கையிலிருந்த இழைப்புளி நிற்கவில்லை.

"மணி அடிக்குதே, அண்ணி இப்போ பதில் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?" என்று ஒருவன் கேட்க, பட்டறையே கொல்லென்று சிரித்தது.

"சொல்லிக்கிட்டுதான் இருப்பா, பாவம்," என்றான் கணவன். "முதல் வாரம் நானும் சொன்னேன்பா. அப்புறம் யாருக்கு நேரம்? அவ சந்தோஷத்த எதுக்குக் கெடுக்கணும்?"

அவள் நெஞ்சு பற்றி எரிந்தது. அவன் செபியாது விட்டதைக்கூட அவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது என்று ஆறியிருப்பாள். தன் மன்றாட்டைப் பட்டறைக்கு நகைப்புப் பொருளாக்கி, அதன்பின் தன் முகம் பார்த்தே நாள்தோறும் பொய் சொன்னதை எப்படிப் பொறுப்பாள்? வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள்.

அன்றிரவும் கேட்டாள்: "சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? நீ?"

"நான் இன்னிக்குச் சொல்லலங்க. உங்க பலகை அடுக்குக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

எடுத்த கவளம் அவன் கையிலேயே நின்றது. "அது வந்து..." என்றான்.

மறுநாள் மணி ஒலித்தபோது, தோழர்கள் வாய்பிளந்து நோக்க, அவன் மரத்தூள் படிந்த தரையில் முழந்தாளிட்டு, மறந்துபோன முன்னடியைத் தட்டுத்தடுமாறித் தேடிச் சொல்லி, அவள் அங்கே மறுமொழி கூறும் அளவு காத்திருந்தான். அவளோ நீராவியின் நடுவே, முன்னடியையும் தானே சொன்னாள், மறுமொழியையும் தானே சொன்னாள். இத்தனை ஆண்டும் அவனுக்கென்று விட்டுவைத்த மூச்சளவு இடைவெளியை அன்று அவள் விடவில்லை.