சுக்கானில் அரிந்த மீன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சின்ன துரையின் பங்களாவில் ஒரு பலகையைக் காணவில்லை. அது எங்கே இருக்கிறது என்று ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அதன் மேல் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

செல்லசாமி பங்களாவின் கோக்கி, அதாவது சமையல்காரர். ஏழு மாதத்துக்கு முன் சின்ன துரை கொழும்பிலிருந்து ஒரு பாய்த்தோணியைத் தோட்டத்து லாரியில் ஏற்றிவந்தார். தேயிலை மலையில் தோணிக்கு என்ன வேலை என்று ஆடுமாடு கூடச் சிரித்தது. அடுத்த வாரம் ஒரு சாக்குப் பொட்டலம் தனியாக வந்து சமையற்கட்டான குசினியின் வாசலில் கிடந்தது. பிரித்தால் மூன்றடி நீளத்துக்கு வழுவழுவென்று தேக்குப் பலகை, ஓரத்தில் இரண்டு பித்தளைக் கொக்கிகள். ஏதோ பெட்டிக்கு முட்டுக் கொடுத்த பலகை என்று முடிவு கட்டினார் செல்லசாமி. துரைமார் வீட்டில் நல்ல பொருளெல்லாம் வேறு பொருளைச் சுற்றிக்கொண்டுதானே வருகிறது? நடுவில் ஓட்டை போட்டு அருவாளை இறுக்கினார். ஹட்டன் வரைக்கும் தேடினாலும் அப்படியோர் அருவாமனை கிடைக்காது. கொக்கிகளில் கைத்துணி மாட்டக்கூட வசதி.

இப்போது மழை ஓய்ந்திருந்தது. புது அணையில் தேங்கிய தண்ணீரில் தோணியை இறக்கும் நாள். துரை குசினி வாசலுக்கே வந்துவிட்டார். உதவி மேனேஜர், கண்டிப் பக்கத்துச் சிங்களவர், அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் அல்லாத முதல் துரை. தமிழைத் தோட்டத்தில்தான் பொறுக்கினார், அதுவும் அவசரமாக.

"கோக்கி! சுக்கான் பார்த்தாச்சா?"

"சுக்கானா? அப்படின்னா என்னாங்க தொரை?"

"தோணி திருப்புற பலகை. இப்படி நீளம். பித்தளை இருக்கும்."

செல்லசாமிக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. சாரத்தை மெல்ல விரித்துக் கொக்கிகளை மூடினார்.

"பலகைங்களா... கண்ணுல படலீங்களே தொரை."

அது ஒரு வகையில் உண்மைதான். கண் இருக்கும் பக்கத்தில் பலகை இல்லை.

துரை போன பிறகு, அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மா நிமிர்ந்தாள். "மகாராசா! குந்தியிருக்கிறதே அதுமேல. இதுல கண்ணுல வேற படலையாம்!"

"வாய மூடு புள்ள. வேலை போச்சுன்னா எங்க போவ? லயத்துக்கா?"

அவள் மறுபடி மிளகாய்க்குக் குனிந்தாள். அவர்களுடைய பழைய லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை, அணைத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று பத்து வருஷம் மனுப் போட்டார்கள். கடைசியில் ஒழுக்கு என்ற பேச்சே இல்லாதபடி லயத்தையே தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்கள். இனி வீடென்றால் குசினிக்குப் பின்னால் உள்ள இந்த ஒற்றை அறைதான். அதுவும் கோக்கி வேலையோடு ஒட்டியது. முந்தின கோக்கி ஒரு சூப்புப் பாத்திரத்தை உடைத்ததற்கே மூட்டை கட்டினார். பலகையில் ஓட்டை போட்டவரை என்ன செய்வார்கள்?

அரை மணி நேரத்தில் துரை திரும்பி வந்தார். முகத்தில் வைராக்கியம். தண்ணீர்க்கரையில் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையும் அவர் மனைவி துரைசாணியும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

"நல்ல மாலுமிக்குச் சுக்கான் வேணாம். புஸ்தகத்தில இருக்கு. கோக்கி, நீ வா. நீ பாரம்."

"பாரம்னா தொரை?"

"உட்காரு சொன்னா உட்காரு. சாய் சொன்னா சாய்."

இருபத்திரண்டு வருஷம் ஆட்டுக்கால் சூப்பும் புட்டிங்கும் செய்த கை. கடைசியில் அரிசி மூட்டை உத்தியோகம்! சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பலகையை நினைத்ததும் அது பாதியிலேயே நின்றது.

தோணியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார் துரை. பிறகு ஒரு தள்ளு தள்ளி, தானும் தாவி ஏறினார். தோணி கோவில் பிரகாரம் சுற்றுவது போல ஒரு வட்டம் அடித்து, வந்த கரையிலேயே மானாப்புல்லில் மூக்கைக் குத்தியது. பெரிய துரை கைதட்டினார். அந்த மாதிரிக் கைதட்டலைச் செல்லசாமிக்குத் தெரியும். உப்புக் கூடிய கறிக்கு "ரொம்ப நல்லா இருக்கு" என்பார்களே, அது.

இரண்டாம் தடவை பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து செல்லசாமியின் தலைப்பாகையைத் தட்டித் தண்ணீரில் போட்டது. துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாம் தடவை தோணி எப்படியோ கிளம்பிவிட்டது. துரை இரண்டு கையிலும் இரண்டு கயிறு வைத்திருந்தார். பெரிய பாயை இழுத்தால் மூக்குக் காற்றை நோக்கித் திரும்பியது. அதை விட்டு முன்னால் உள்ள சின்னப் பாயை இழுத்தால் காற்றுக்கு முதுகு காட்டியது. செல்லசாமி இடப்பக்கம் சாய்ந்தால் தோணி வலப்பக்கம் போனது.

"என்னாங்க தொரை, இது எங்க மாமியா மாதிரி, சொன்னதுக்கு எதிர்ப்பக்கமே போவுது!"

துரை சிரிக்கவில்லை. நடுவில் வந்ததும் மலைக் கணவாய்க்குள்ளிருந்து காற்று ஒரே பாய்ச்சலாக வந்தது. எதிரே, முங்கிப்போன தேயிலை மலையின் நிழல் மரங்கள் மொட்டை உச்சிகளை நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்று குத்தினால் தோணியின் வயிறு கிழியும். செல்லசாமிக்கு நீச்சல் தெரியாது. அடியில் பழைய லயம். வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது, கூரை வழியாக.

துரை கயிறுகளைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். எந்தக் கயிற்றையும் இழுக்கவில்லை.

"அவங்க சிரிக்க வந்தது, கோக்கி" என்றார் மெதுவாக. "கிளப்பில எப்பவும் சிரிக்கிறது. எனக்கு இந்த ஒன்னுதான் நல்லா வரும்னு நினைச்சேன்."

இத்தனை நேரம் மனசுக்குள் அந்த ஆளை உப்பு, புளி, காரம் போட்டு வறுத்துக்கொண்டிருந்த செல்லசாமிக்கு, சட்டென்று அடுப்பு அணைந்துபோனது. துரை நன்றாகத்தான் ஓட்டுவார். சுக்கான் இருந்தால். அந்தச் சுக்கானில் நேற்றுப் பாறை மீன் அரிந்தாயிற்று.

குசினிக்கும் பங்களாவுக்கும் நடுவில் முப்பதடி வெட்டவெளி. மார்கழிக் காற்றில் ததும்பத் ததும்பச் சூப்பைத் தட்டில் ஏந்திப் போவது கையால் ஆகிற காரியமில்லை. இடுப்பால் செய்ய வேண்டியது. இருபத்திரண்டு வருஷம் ஒரு சொட்டுச் சிந்தாத இடுப்பு அது.

"தொரை, பெருச விடுங்க! சின்னத இழுங்க!" என்று கத்திக்கொண்டே காற்று வரும் பக்கத்து விளிம்பில் போய்க் குந்திப் பின்னால் சாய்ந்தார். தோணி அந்தப் பக்கம் சரிந்தது. மூக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. மரத்தின் மொட்டைக் கிளை ஒரு முழம் தள்ளிப் போனது. பாய் மடாரென்று மறுபக்கம் வீசியது. இந்தத் தடவை இரண்டு பேரும் குனிந்தார்கள். கரைப் பக்கம் மூக்குத் திரும்பியதும் துரைக்குக் கை வந்துவிட்டது. கயிறு அவர் வேலை, சாய்வு இவர் வேலை என்று கோடு இழுத்தது போல வந்து கரை சேர்ந்தார்கள்.

பெரிய துரை எழுந்து வந்து தோணியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். சுக்கான் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். குசினி இங்கிலீஷ் செல்லசாமிக்குப் போதும்.

"வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், சார்" என்றார் சின்ன துரை.

இந்தத் தடவை கைதட்டல் வேறு மாதிரி இருந்தது.

பகல் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் போன பிறகு பேச்சியம்மா அடுப்பைக் காட்டினாள். "ரெண்டாப் பொளந்து உள்ள தள்ளுங்க. சாம்பலு யாரையும் காட்டிக் கொடுக்காது."

செல்லசாமி அருவாளைக் கழற்றினார். கோடரியை எடுத்தார். கீழே வைத்தார். கிளப்பில் சிரிக்கிறார்கள் என்று துரை சொன்னதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பலகையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், கொக்கிகளைப் புளி போட்டு விளக்கினார். பேச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தொரை... இதுதாங்க. பெட்டிப் பலகைன்னு நெனச்சுப்புட்டேன்."

விறாந்தையில் இருந்த துரை பலகையை வாங்கினார். ஓட்டைக்குள் விரலை விட்டார். முகர்ந்து பார்த்தார். செல்லசாமி தன் தட்டுமுட்டுச் சாமான்களை மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினார்.

"அடுத்த ஞாயிறு பெரிய தொரை கிளப் ஆளு எல்லாம் கூட்டி வர்றது" என்றார் துரை, பலகையைப் பார்த்தபடியே. "சுக்கான் இல்லாம போறது பார்க்க."

"ஆமாங்க தொரை."

"இந்த ஓட்டை பார்த்தா, வேணும்னே வைக்கலைன்னு தெரியாதா?" பலகையை நீட்டினார். "குசினியில வை. யாருக்கும் காட்டாதே. அருவா மறுபடி போடு. நீ எல்லா ஞாயிறும் பாரம்."

பின் வாசலில் பேச்சியம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போச்சாங்க?"

"போவலடி. ரெண்டாச்சு."

"நீச்சல் தெரியாதுன்னு சொன்னீங்களா?"

"பாரத்துக்கு எதுக்கு நீச்சலு?" என்று சொல்லிவிட்டு, பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார் செல்லசாமி. "அந்த வெங்காயத்த எடு."