ஹெல்மட்டைக் கழற்றியவர்

லிங்கநகரில் சேஃப்டி அஞ்சலோ என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் ஒரு கம்பனியில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். அங்கே தொழிலாளர்களுக்கு மேல் கத்துவது போதாதென்று அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். குசினியில் காஸ் சிலிண்டரைச் சுற்றி மஞ்சள் கோடு. குளியலறைக் கதவில் 'வழுக்கும், கவனம்' என்று அறிவித்தல். மனைவி றீற்றா தேங்காய் துருவக் குந்தினால், "விரல் கவனம்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அந்தக் குரலோடு பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு மோட்சத்தில் முன்வரிசைக் கதிரை ஒன்று கட்டாயம் உண்டு.

ஹெல்மட் என்று வந்தால் மனிதர் இன்னும் ஒரு படி மேலே. றீற்றாவுக்கு முகத்தை முழுதாக மூடுகிற ஹெல்மட் ஆகாது. மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். திறந்த ஹெல்மட் ஒன்று வாங்கித் தரச்சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள்.

"எனக்கு ஏலாதப்பா. முகம் திறந்ததைப் போடுறன். சட்டத்துக்கு அதுவும் சரிதானே?"

"சட்டம் வேறை, சேஃப்டி வேறை," என்றார் அஞ்சலோ. "உன்ரை விருப்பத்தை வீட்டிலை வை. ரோட்டிலை விருப்பம் எண்ட கதையே இல்லை."

விருப்பத்தை வீட்டில் வைக்கவும் அவர் இடம் கொடுத்ததில்லை என்பது வேறு கதை. கறுப்பு நிறத்தில், முகம் முழுதும் மூடுகிற, ஒரு அளவு சிறிய ஹெல்மட்டாகப் பார்த்து வாங்கிவந்தார். தலைக்குள் ஆடக்கூடாதாம். போடும்போது காது மடங்கும், கழற்றும்போது கண்ணில் நீர் வரும். தாடைக்குக் கீழே பட்டியை அவரே பூட்டுவார், அவரே திறப்பார். மாட்டுக்குக் கயிறு போடுகிறவன்கூட அதன் முகத்தை ஒருதரம் பார்ப்பான். அஞ்சலோ பட்டியை மட்டும்தான் பார்ப்பார்.

மோட்டார்சைக்கிள் விபத்து நடந்து இப்போது இரண்டு வருடம். றீற்றாவுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பலாம், கதைக்கலாம், விழுங்கலாம், அவ்வளவுதான். அஞ்சலோ வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பியின் உதவியில் அடுப்பு எரிகிறது. புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவளைத் திருப்புவது, சோறு தீத்துவது, கழுவுவது, சீப்பால் தலை இழுப்பது எல்லாம் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதை மறைத்தால் பாவம். "அந்த மனுசன் தெய்வமடி," என்று பூசைக்கு வருகிற பெண்கள் அவளுடைய கட்டிலடியில் நின்று மூக்கைச் சிந்துவார்கள். தெய்வமும் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்ளும்.

ஆனால் தெய்வத்துக்குத் திருவிழா வேண்டுமே. பள்ளிக்கூடம், வாசிகசாலை, பங்கு மண்டபம் என்று வீதிப் பாதுகாப்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் அஞ்சலோ ஆஜர். ஒரு கையில் அந்தக் கறுப்பு ஹெல்மட், மறு கையில் மனைவி இருக்கும் சக்கர நாற்காலி. ஹெல்மட்டின் பக்கவாட்டில் இருக்கும் உராய்வை விரலால் தட்டிக் காட்டி, "தலைக்கு வந்தது ஹெல்மட்டோடை போச்சு! இவ போட மாட்டன் எண்டவ. நான் விடேல்லை. விட்டிருந்தா இண்டைக்கு இவ சேமக்காலையிலை குழிக்குள்ளை," என்பார். சனம் கைதட்டும். றீற்றா கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தட்டக் கை இல்லை.

தலைக்கு வந்தது ஹெல்மட்டோடு போனது உண்மைதான். கழுத்துக்கு வந்தது எங்கிருந்து வந்தது என்று றீற்றாவுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கந்தளாயில் ஒரு ஞானஸ்நான வீடு. தம்பலகாமத்தைத் தாண்டும்போது வயலுக்குள்ளிருந்து எருமை ஒன்று கண்டி வீதியில் ஏறிவிட்டது. அஞ்சலோ பிரேக்கை அமத்த, சில்லு சறுக்கி, அவர் ஒரு பக்கம், அவள் மறு பக்கம். அவருக்கு முழங்கால் தோல் போனது. அவள் தெருவோரக் கிறவல் கல்லில் விழுந்து உருண்டாள். கழுத்து நெருப்பாக நொந்தாலும் அறிவு தெளிவாக இருந்தது. பாவாடை தொடைக்கு மேலே ஏறிக் கிடந்தது. முன்னால் இருந்த டயர் கடையிலிருந்து ஆண்கள் ஓடிவருகிறார்கள். ஐயோ மானம் போகுதே என்று வலக்கையை நீட்டிப் பாவாடையை இழுத்து முழங்காலை மூடினாள். செருப்பு கழன்ற காலில் கிறவல் சுட்டது, காலை மடக்கினாள். கையும் காலும் தன் சொல்லைக் கேட்ட கடைசித் தடவை அது.

முதலில் வந்தவர் கடைக்காரர் முனீப். அந்த வளைவில் பல விபத்தைக் கண்ட மனிதர். பக்கத்தில் குந்தி, "ஆட்டாதீங்க. அப்படியே கிடக்கட்டும். அம்புலன்ஸுக்கு அடிச்சாச்சு," என்றார். அதற்குள் அஞ்சலோ நொண்டிக்கொண்டு வந்தார்.

"மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு, தெரியேல்லையோ? கழட்டோணும்!"

"சேர், கழட்டாதீங்க! கழுத்து போயிரும்!"

"சேஃப்டி எனக்குப் படிப்பிக்கிறியோ நீ?"

"வேண்டாம்," என்று றீற்றாவும் சொன்னாள். வெளியில் சொன்னதையே கேட்காத அஞ்சலோ, ஹெல்மட்டுக்குள் இருந்து வந்ததைக் கேட்பாரா? பட்டியைத் திறந்தார். ஒரு அளவு சிறிய ஹெல்மட் லேசில் வருமா? இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் திருகி இழுத்தார். கழுத்துக்குள் முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு கிறவல் சுடவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய். ஒரு மாதம் கழித்துக் குழாயை எடுத்து அவள் வாய் திறந்தபோது, புருசன் சொன்ன கதை ஊர் முழுக்க ஓடி முடித்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள். 'நான்தான் கழட்டினனான்' என்று ஒரு சொல். மன்னிக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். அந்த ஒரு சொல்லைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மனிதருக்குத் தான் செய்தது தெரியாதோ என்றும் சில நாள் நினைத்தாள், நினைத்துப் பாவப்பட்டும் இருக்கிறாள்.

போன மாதம் புண்ணுக்கு மருந்து கட்ட வருகிற நேர்ஸ் நதீஷா ஒரு கதை சொன்னாள். விழுந்து கிடக்கிறவரின் ஹெல்மட்டை எப்படிக் கழற்றக்கூடாது என்று ஆட்களுக்குக் காட்டிக் கொடுக்க அவளுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்களாம். றீற்றாவின் கண் பளிச்சென்றது.

"எங்கடை பங்கு மண்டபத்திலை கூட்டம் வருது, மிஸ். அங்கை வந்து காட்டுவீங்களோ?"

அஞ்சலோ மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நதீஷாவிடம் ஃபோனில் ஒரு நம்பரைத் தேடி எடுத்துத் தலையணையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். தம்பலகாமத்து டயர் கடையின் நம்பர். நதீஷா குசினியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"முனீப் நானா, நான் றீற்றா. அண்டைக்கு நீங்கள் கத்தினது ஞாபகம் இருக்கோ?"

"மறக்கேலுமா, தங்கச்சி? இப்பவும் ராவைக்குக் காதுல கேக்குது."

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை பங்கு மண்டபத்துக்கு வாங்கோ. உங்களை ஆரும் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கோ. எனக்காக."

முனீப் மனைவி றுக்கியாவோடு வந்தார். கையில் எருமைத்தயிர்ச் சட்டி. வெறுங்கையோடு நோயாளி பார்க்கப் போகிற பழக்கம் அவர்களிடம் இல்லை. மண்டபம் நிறைந்திருந்தது. 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று பெரிய பதாகை. அஞ்சலோ வழமைபோல் உராய்வைத் தட்டினார், சேமக்காலையைச் சொன்னார், கைதட்டல் வாங்கினார். அடுத்ததாக நதீஷா மேடையேறினாள். பாடகர் குழுத் தலைவர் ஜக்சன் பெரிய வண்டியோடு தரையில் மல்லாந்து படுக்க, சனம் சிரித்தது. ஹெல்மட் போட்ட அவருடைய கழுத்தை ஒருவர் இரு கையாலும் அணைத்துப் பிடிக்க, மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாக ஹெல்மட்டை எடுக்கிறதை நதீஷா காட்டினாள்.

"தெரியாட்டித் தொடாதேங்கோ," என்றாள். "மூச்சு எடுக்கிறார் எண்டால் அப்பிடியே விடுங்கோ. விழேக்கை தப்பின கழுத்து, இழுக்கேக்கை முறியும்."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் இரத்தினசிங்கம் எழும்பினார். கேள்வி கேட்காமல் அந்த மனிதர் எந்தக் கூட்டத்திலிருந்தும் வீட்டுக்குப் போனதில்லை.

"அப்ப ஒரு விளக்கம் வேணும். எங்கடை றீற்றாவுக்கு அண்டைக்கு ஹெல்மட்டை ஆர் கழட்டினது?"

றீற்றா தலையைத் திருப்பி அஞ்சலோவைப் பார்த்தாள். இரண்டு வருடமாகக் காத்த நேரம் இது. அவர் முகம் வெளுக்கும், நா உளறும், மண்டபத்துக்கு முன்னால் அந்தச் சொல் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலோவின் முகம் வெளுக்கவில்லை. மைக்கை எடுத்தார். பெருமூச்சு ஒன்று விட்டார்.

"இவ்வளவு நாளும் நான் இதை வெளியிலை சொல்லேல்லை," என்றார். "ஒரு ஏழை மனுசன்ரை பிழைப்பிலை மண் போடக் கூடாதெண்டு விட்டனான். நான் முழங்கால் உடைஞ்சு அங்காலை கிடந்தன். வேண்டாமெண்டு கத்தக் கத்த அந்த டயர் கடைக்காரர் இழுத்துப்போட்டார். உதவி செய்யத்தான் வந்தவர். நான் அவரை எப்பவோ மன்னிச்சிட்டன்." பிறகு கையை நீட்டினார். "அவரும் வந்திருக்கிறார்."

அப்போதுதான் றீற்றாவுக்கு விளங்கியது. இது இப்போது பிறந்த பொய்யில்லை. துடைத்து மினுக்கி, என்றைக்காவது தேவைப்படும் என்று இரண்டு வருடமாக எடுத்துவைத்த பொய். தான் செய்தது என்னவென்று அவருக்கு முதல்நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஹெல்மட்டைத் தட்டித் தட்டிக் கைதட்டல் வாங்கினார்.

முனீப் எழும்பியேவிட்டார். "என்ன கதை இது? கழட்ட வேணாமெண்டு கத்தினது நான்! அல்லாஹ்வுக்காகப் பொய் சொல்லாதீங்க, சேர். அந்தத் தங்கச்சிக்கிட்டக் கேளுங்க. அவ சொல்லுவா."

"ஓம், அவவைக் கேப்பம்," என்றார் இரத்தினசிங்கம்.

அஞ்சலோ மைக்கைக் கொண்டுவந்து றீற்றாவின் வாய்க்கு நேரே பிடித்தார். மிரட்டவில்லை. மற்றக் கையால் லேஞ்சியை எடுத்து அவளுடைய வாயோரத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்தார். மெல்லத்தான் துடைத்தார். பின்வரிசையில் ஒரு பெண் விம்மினாள்.

றீற்றாவுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. அதற்குப் பின்னால் வேறொன்றும் வந்து நின்றது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அவளைத் திருப்ப வேண்டும். மூத்திரப் பை நிறைந்திருக்கும். பின்னேரம் யார் தீத்துவது? நாளைக்கு யார் கழுவுவது? ஒரே தமக்கை இத்தாலியில், வருடத்துக்கு ஒருதரம் கோல் எடுப்பவள். தெய்வமடி என்று மூக்கைச் சிந்துகிற பெண்களில் ஒருத்தி வருவாளா? சிந்திவிட்டுப் போவாள். எதிரே முனீப் நின்றார். நல்ல மனிதர். இரண்டு காலில் நின்றார். என்ன வந்தாலும் இரண்டு காலால் வீட்டுக்கு நடந்து போவார். அந்த இரண்டு காலையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்," என்றாள். "அவர்தான்."

மண்டபம் இரைந்தது. யாரோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். யாரோ ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். கூட்டத்துக்கு வந்திருந்த பொலிஸ்காரர் ஒருவர் நடுவில் வந்து நின்று எல்லோரையும் இருக்கச் சொன்னார். முனீப் யாரையும் பார்க்கவில்லை. சக்கர நாற்காலிக்குக் கிட்ட வந்து குந்தினார், அன்றைக்குக் கிறவலில் குந்தியதுபோல.

"நீங்கதானே தங்கச்சி வரச் சொன்னீங்க?"

றீற்றா கண்ணை மூடிக்கொண்டாள். அவளால் திருப்பக்கூடியது தலை ஒன்றுதான். அதை மறுபக்கம் திருப்பினாள். றுக்கியா வந்து புருசனின் தோளைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க போவம். இதுகளுக்கு வாயால என்ன சொல்ல," என்றாள். தயிர்ச் சட்டியைத் திரும்ப எடுக்கவில்லை.

வீட்டில் அஞ்சலோ சோறு குழைத்துத் தீத்தினார். முகம் துடைத்தார். இடப்பக்கம் திருப்பி முதுகுக்குத் தலையணை கொடுத்தார். எல்லாம் வழமைபோலத்தான், கை கொஞ்சமும் முரடாகவில்லை. பிறகு கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலடியில் இருந்து ஃபோனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ. முனீப் எழும்பிக் கத்துகிற இடம். கீழே சனம் எழுதிக்கொண்டேயிருந்தது. டயர் ஒட்டுகிறவன் டொக்டர் வேலை பார்த்தால் இப்படித்தான் என்று ஒருவர். இவன்ரை கடை எந்த வளைவிலை என்று இன்னொருவர்.

"அவனை நீதான் கூப்பிட்டனி, என்ன?"

றீற்றா ஃபோனிலிருந்து தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"பரவாயில்லை," என்றார் அஞ்சலோ. கோபமே இல்லாத குரல். "வாற கிழமை கந்தளாயிலை கூட்டம். அவன்ரை கடையடியாலைதான் போகோணும். அங்கையும் ஆராவது கேப்பினம். இண்டைக்கு நீ சொன்னது பின்னுக்கு இருந்தவைக்குக் கேக்கேல்லையாம். அவர்தான் எண்டால் ஆரெண்டு தெரியும்? பேரைச் சொல்லோணும். எங்கை, ஒருக்காச் சொல்லு பாப்பம்."

அவள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். அவர் காத்திருந்தார். பொறுமைக்கு அந்த மனிதரிடம் ஒருநாளும் குறைவில்லை.

"முனீப்," என்றாள் றீற்றா.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

அவளுடைய நெஞ்சில் அவ்வளவு காற்று நிற்காது. நின்றதையெல்லாம் சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள்.